சிலிண்டர் விளம்பரத்தில் தோள் முத்திரையும் அச்சாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உங்கள் இதழின் வரி விளம்பரப் பகுதியில், கடலில் முக்குளிப்பவர்கள் சுவாசிக்கக் காற்றடைத்து முதுகில் சுமக்கும் ஸ்கூபா சிலிண்டர்கள், பழையவை, தலைகாட்டும். ‘ஸ்டீல் டேங்க், 12 லிட்டர், நல்ல நிலை, புதிதாகப் பெயிண்ட் அடித்தது’ என்று ஒரு வரி, பக்கத்தில் விலை. இதில் ஸ்டீல், 12 லிட்டர் என்ற இரண்டு மட்டும்தான் தகவல். ‘நல்ல நிலை’ என்பது விற்பவரின் நம்பிக்கை. ‘புதிதாகப் பெயிண்ட் அடித்தது’ என்பதை, சிலிண்டர் சோதனைப் பணியில் இருக்கும் நாங்கள் எச்சரிக்கையாகவே படிக்கிறோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், ஸ்டாங்கர் என டர்பன் வட்டார இளைஞர்கள் பலர் இப்போது உம்கோமாஸ், சொட்வானா கடல்களில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, முதல் சிலிண்டரை இந்த வரி விளம்பரங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

பழைய சிலிண்டர் வாங்குவதில் தவறில்லை. ஒழுங்காகப் பராமரித்த ஸ்டீல் சிலிண்டர் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் மதிப்பு தோளில் குத்தியிருக்கும் எழுத்துகளிலும் உள்சுவரிலும்தான் இருக்கிறது. எழுத்துகளை எவரும் படிக்கலாம். உள்சுவரை, வால்வைக் கழற்றி விளக்கு விட்டுப் பார்க்கத் தெரிந்தவர்தான் பார்க்க முடியும். இவை இரண்டும் முடியுமுன் பணம் கை மாறக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஒரு நொடியில் வெளியேறினால் விடுபடும் ஆற்றல், 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலுக்கு ஏறக்குறைய சமம். அதைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டுதான் கடற்கரைக்குப் போகிறோம். சிலிண்டர் வெடித்தால், பெரும்பாலும் வெடிப்பது காற்றடிக்கும் நேரத்தில். பக்கத்தில் நிற்பவர் அதை வாங்கியவர் அல்ல, காற்றடிக்கும் ஊழியர்.

முதலில் தோள். கழுத்துக்குக் கீழே வளையும் பகுதியில் வரிசையாக எழுத்துகள் குத்தியிருக்கும். தயாரித்த நிறுவனத்தின் குறி, வரிசை எண், கொள்ளளவு லிட்டரில், வால்வு இல்லாத வெற்று எடை கிலோவில், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், தயாரித்த மாதமும் ஆண்டும், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு நீர் அழுத்தச் சோதனையின் (நீரை நிரப்பி, சோதனை அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) தேதி. ஐரோப்பியத் தயாரிப்பில் வேலை அழுத்தம் 232 என்றால் சோதனை அழுத்தம் 348. 300 என்றால் 450. இரண்டிலும் ஒன்றரை மடங்கு. அமெரிக்கத் தயாரிப்பில் கணக்கு வேறு. 3ஏஎல் என்று தொடங்கினால் அலுமினியம், 3ஏஏ என்று தொடங்கினால் ஸ்டீல், பின்னால் வரும் 3000 என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு, அதாவது 207 பார். அமெரிக்க முத்திரை மட்டும் உள்ள சிலிண்டரை இங்குள்ள சோதனை நிலையம் ஏற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஏற்கவில்லையென்றால் அது உங்களுக்கு வெறும் உலோகம்.

தென்னாப்பிரிக்காவில் நீர் அழுத்தச் சோதனை 4 ஆண்டுக்கு ஒரு முறை, உள்ளும் புறமும் பார்க்கும் பார்வைச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை. இந்தத் தேதிகள் தாண்டியிருந்தால் பொறுப்புள்ள எந்த நிலையமும் காற்றடிக்காது. வெளிநாட்டில் வாங்கி வந்தவர்கள் ‘அங்கே 5 ஆண்டு’ என்று வாதாடுவதுண்டு. அங்கே சரி. இங்கே காற்றடிக்க வேண்டுமானால் இங்குள்ள கணக்குதான்.

தேதிகளை ஒவ்வொன்றாகப் படிப்பதோடு நிறுத்தாமல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். ஓர் உதாரணம்: தயாரிப்பு 2004, சோதனைகள் 2008, 2012, அதன் பிறகு 2023. முதல் எட்டு ஆண்டு சிலிண்டர் ஒழுங்காகப் பயன்பட்டிருக்கிறது. பிறகு பதினோரு ஆண்டு எங்கோ கிடந்திருக்கிறது. கிடந்தது பிழையல்ல, எப்படிக் கிடந்தது என்பதே கேள்வி. கொஞ்சம் அழுத்தத்தோடு, வால்வு மூடி, நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் நின்றிருந்தால் உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. முழுக்கக் காலியாகி, வால்வு திறந்தபடி, கடலோர வீட்டு கராஜில் கிடந்திருந்தால் டர்பனின் ஈரக் காற்று அதற்குள் பதினோரு கோடைகள் போய் வந்திருக்கும். 2023 சோதனையில் தேறியிருந்தாலும் இப்படிப்பட்ட சிலிண்டரை உள்ளே பார்க்காமல் தொடாதீர்கள். எழுத்துகள் தேய்க்கப்பட்டோ, ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தப்பட்டோ, எக்ஸ் குறி போட்டு அடிக்கப்பட்டோ இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சோதனையில் தோற்ற சிலிண்டரை எவரும் மறுபடி பயன்படுத்தாதபடி செய்வதற்குத்தான் முத்திரையை அழிக்கிறார்கள். அப்படிப்பட்டது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாம்.

இனி பெயிண்ட். நம் நாட்டுத் தரநிர்ணயப்படி முக்குளிப்பு சிலிண்டரின் உடல் பொன்மஞ்சள், தோள் சாம்பல் நிறம். வெளிநாட்டிலிருந்து வெறும் அலுமினிய நிறத்திலோ வெள்ளையிலோ வரும் சிலிண்டருக்கு இங்கே மஞ்சள் பூசியே ஆக வேண்டும். ஆகவே மறுபெயிண்ட் என்பதே குற்றம் ஆகாது. எப்படிப் பூசினார்கள் என்று கேட்டே தீர வேண்டும். மோட்டார் பட்டறைகளில் பவுடர் கோட்டிங் என்று தூளைத் தெளித்து அடுப்பில் வேக வைக்கிறார்கள். அந்த அடுப்பு வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். அலுமினிய சிலிண்டரின் வலிமையோ வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. 177 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்குப் பளபளவென்று புதுசாக இருக்கும், உள்ளுக்குள் உலோகம் இளகியிருக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் ‘பவுடர் கோட்டிங்’ என்று பெருமையாகச் சொன்னால் அலுமினிய சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். காற்றில் உலரும் பெயிண்ட் மட்டும்தான் அதற்கு ஆகும். தீ விபத்தில் சிக்கிய சிலிண்டருக்கும் இதே கதிதான். பழைய பெயிண்ட் கொப்பளித்தோ கருகியோ இருப்பது அதன் அடையாளம்.

ஸ்டீல் சிலிண்டரில் பெயிண்ட் வேறு விதமாக ஏமாற்றும். துருக் குழிகளில் புட்டியை நிரப்பி, தேய்த்து, மேலே இரண்டு பூச்சு அடித்துவிட்டால் முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிடும். இதை வெளிக்கொண்டு வருவது பாதத்தில் காலணி போல மாட்டியிருக்கும் ரப்பர் பூட். ஸ்டீல் சிலிண்டரின் அடி பெரும்பாலும் உருண்டை. நிற்பதற்காக பூட் மாட்டுகிறார்கள். அதற்குள் கடல் நீரும் மணலும் புகுந்து உலராமல் தங்கும். விற்பவரிடம் அந்த ரப்பர் பூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இறுகிப் போயிருந்தால் வெந்நீர் ஊற்றினால் ரப்பர் இளகும். ‘கழற்ற வராது’ என்று சொல்லுகிறார் என்றால், பல ஆண்டாக எவரும் கழற்றவில்லை என்றுதான் பொருள்.

கழற்றியதும் ரப்பர் பூட்டின் விளிம்பு பதிந்திருந்த இடத்தைப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு வளையமாகப் பழுப்புக் கோடு தெரிகிறதா? கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்துரு. நகம் விழுந்து சிக்கினால் அங்கே உலோகம் தின்னப்பட்டிருக்கிறது. தனித்தனிப் புள்ளியாக உள்ள குழிகளைவிட இப்படிக் கோடாக ஓடும் அரிப்பு மோசமானது. ஒரு குழியைச் சுற்றிலும் முழுத் தடிமனில் உலோகம் இருப்பதால் அது சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். கோடாக அரித்தால் சிலிண்டர் முழுவதும் அந்த ஒரே வரியில் மெலிகிறது. துத்தநாக முலாம் போட்ட சிலிண்டரில் முதலில் வெள்ளைத் தூள் தெரியும். அது துத்தநாகம் தன்னைத் தந்து இரும்பைக் காப்பதன் அறிகுறி, பயப்பட வேண்டாம். வெள்ளைக்கு நடுவே செந்நிறம் எட்டிப் பார்த்தால்தான் கவலை. பிளாஸ்டிக் வலை மாட்டியிருந்தால் அதையும் உருவுங்கள். அலுமினியத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் பட்டை இறுக்கியிருந்த இடம், ஒட்டுத்தாளின் அடி, பித்தளை வால்வு உட்காரும் கழுத்து ஆகிய மூன்றிலும் வெண்பொடியும் கொப்பளமும் தேடுங்கள். வேறு உலோகம் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம்தான் முதலில் கரையும்.

பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். காலியான ஸ்டீல் சிலிண்டருக்கும் அது ஓரளவு பொருந்தும். பூட் இல்லாமல், கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல சிலிண்டர் மணி போல நீண்டு ஒலிக்கும். உள்ளே துரு அடர்ந்த சிலிண்டரும் தண்ணீர் நின்ற சிலிண்டரும் மொத்தென்று அடங்கும். இது ஒரு சந்தேகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. அடுத்து, மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் காதை வைத்துக் கேளுங்கள். சலசலப்பு கேட்டால் தண்ணீர், மணல் சரிவது போல ஒலித்தால் துருச் செதில்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று பலர் வியப்பார்கள். முக்குளிக்கும்போது அழுத்தம் உள்ளே இருக்கும்வரை ஒரு துளியும் போகாது. போவது இரண்டு வழிகளில். ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவியில்) காற்றே வராத அளவுக்குச் சிலிண்டரை உறிஞ்சித் தீர்ப்பது ஒன்று. மற்றது, படகில் அலை தெறித்து வால்வின் வாயில் தேங்கிய உப்பு நீரை ஊதித் தள்ளாமல் அப்படியே காற்றடிக்கும் குழாயை மாட்டுவது. கம்ப்ரெசர் அந்தத் துளியை 200 பார் அழுத்தத்தில் உள்ளே செலுத்திவிடும். பயிற்சிப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நிரப்பப்படும் சிலிண்டர்களில் இந்த ஆபத்து அதிகம். அதே சமயம் அவை ஆண்டுதோறும் தவறாமல் சோதிக்கப்படுவதால், நான்கு ஆண்டு பயன்பட்ட பள்ளிச் சிலிண்டர் பதினைந்து ஆண்டு கராஜில் தூங்கியதைவிட நல்லதாக இருப்பதும் உண்டு.

ஸ்டீல் சிலிண்டரின் உள்ளே துருப்பிடித்தால் சுவர் மெலிவதோடு முடியாது. இரும்பு துருவாகும்போது உள்ளே அடைபட்ட காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. உப்பு நீர் உள்ளே இருந்து, பல மாதம் மூடியே கிடந்த சிலிண்டரின் காற்றில் ஆக்சிஜன் உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோக முடியும். மணம் இருக்காது, சுவை இருக்காது. சுவாசிப்பவர் எச்சரிக்கையின்றி மயங்குவார். ஆகவே ‘இன்னும் 100 பார் இருக்கிறது, இப்போதே முக்குளித்துப் பாருங்கள்’ என்று விற்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அந்தக் காற்றைச் சுவாசிக்காதீர்கள். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, கலக்கும் கடைகளில் ஆக்சிஜன் அளக்கும் கருவி இருக்கும். ஒரு நிமிட வேலை. சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டர் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். கருவியைச் சரிபார்த்த பிறகும் தெளிவாகக் குறைந்து காட்டினால் உள்ளே துரு வேலை செய்கிறது. வால்வைக் கழற்றாமலேயே கிடைக்கும் இவ்வளவு நம்பகமான துப்பு வேறில்லை.

வெளிவரும் காற்றை முகர்ந்தும் பாருங்கள். எண்ணெய் வாடை, புகை வாடை, பூஞ்சை வாடை எதுவும் இருக்கக் கூடாது. விற்பவரின் ரெகுலேட்டரும் கூடவே விற்பனைக்கு இருந்தால், அதன் முதல் நிலை (சிலிண்டரில் மாட்டும் பகுதி) வாயிலில் உள்ள சிறிய உலோக வடிகட்டியின் நிறத்தைப் பாருங்கள். செம்பழுப்பு என்றால் ஸ்டீல் துரு, சாம்பல் தூள் என்றால் அலுமினிய அரிப்பு, கறுப்பு என்றால் கம்ப்ரெசரின் வடிகட்டிக் கரி, பச்சை என்றால் ரெகுலேட்டருக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருக்கிறது.

அலுமினிய சிலிண்டருக்குத் தனியாக ஒரு சொல். 1970களிலும் 80களிலும் 6351 என்ற எண்ணுடைய உலோகக் கலவையில் லட்சக்கணக்கான சிலிண்டர்கள் உலகெங்கும் தயாரிக்கப்பட்டன. தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் இந்தக் கலவையின் கழுத்து மரைகளில் (வால்வைத் திருகும் வரிகளில்) நுண்ணிய விரிசல் தோன்றி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, ஒருநாள் காற்றடிக்கும்போது பிளந்துவிடுவது தெரியவந்தது. அமெரிக்க ஆலைகள் 1988 வாக்கில் அதைக் கைவிட்டு 6061 கலவைக்கு மாறின. வேறு சில நாட்டு ஆலைகளில் பழைய கலவை அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஓடியது. சுழல் மின்னோட்டக் கருவியைக் கழுத்துக்குள் விட்டு இந்த விரிசலைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் அந்தக் கலவை சிலிண்டர்களுக்கு அது கட்டாயம். எங்கள் தீர்ப்பு இதைவிடக் கடுமையானது. 1995-க்கு முந்திய தேதி குத்திய அலுமினிய சிலிண்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு ஆகும் கூடுதல் சோதனைச் செலவும், காற்றடிக்கும் நிலையங்கள் காட்டும் தயக்கமும், எஞ்சிய ஆயுளும் கணக்குக் கட்டாது. அதே ஆண்டு ஸ்டீல் சிலிண்டர் என்றால் தாராளமாகச் சோதனைக்கு எடுத்துச் செல்லலாம்.

வால்வில் பார்க்க வேண்டியவை பல இருந்தாலும் உயிரோடு விளையாடுவது ஒன்றுதான்: மரைப் பொருத்தம். சிலிண்டர் கழுத்துகள் எம்25×2 என்ற மெட்ரிக் அளவிலும் வரும், முக்கால் அங்குல அளவிலும் வரும். எம்25 வால்வின் வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர். முக்கால் அங்குல வால்வின் விட்டம் 26 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சிறிய வால்வைப் பெரிய கழுத்தில் திருகினால் உள்ளே போய்விடும். மரையின் இடைவெளி வேறு என்பதால் (ஒன்றில் 2 மில்லிமீட்டர், மற்றதில் 1.81) சில சுற்றில் இறுக்கமாகவும் தோன்றும். பழக்கமில்லாத கை ‘நன்றாக இறுகிவிட்டது’ என்று நினைக்கும். குறைந்த அழுத்தத்தில் கசிவும் தெரியாது. அழுத்தம் ஏறும்போது வால்வு தோட்டா போலப் பறந்த விபத்துகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பழைய சிலிண்டரில் வால்வு மாற்றப்பட்டிருந்தால், கழுத்தில் குத்திய மரை அளவும் வால்வில் குத்திய மரை அளவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதைச் சோதனை நிலையத்தில் கழற்றிப் பார்த்த பிறகே நம்புங்கள். முக்கால் அங்குலத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மரைக் கோணம் 60 பாகை, மற்றதில் 55. அவையும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பொருள் அல்ல.

மற்றவை சில்லறை வேலை. கைப்பிடி முழுத் திறப்பிலும் மூடலிலும் சொரசொரப்பின்றிச் சுழல வேண்டும். கழுத்தைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிக் குமிழி பாருங்கள். ரெகுலேட்டரின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அமரும் முகத்தில் கீறல் கூடாது. உங்கள் ரெகுலேட்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் ஏ-கிளாம்ப் வகையா, வால்வுக்குள் திருகும் டின் வகையா என்று தெரிந்துகொண்டு போங்கள். 300 பார் சிலிண்டரில் ஏ-கிளாம்ப் பொருந்தாது. வால்வின் அடியில் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் இருக்கிறதா என்று, வால்வைக் கழற்றும்போது மறக்காமல் பாருங்கள். தலைகீழாக நீந்தும்போது உள்ளே கிடக்கும் தூளும் நீரும் வால்வை அடைக்காமல் காப்பது அது. பக்கத்தில் நெம்புகோல் கொண்ட பழைய ரிசர்வ் வால்வாக இருந்தால் புது வால்வு விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

வால்வை வீட்டில் கழற்றும் எண்ணம் எவருக்கும் வேண்டாம். அளவுமானி பூஜ்யம் காட்டினாலும் வால்வு துருவால் அடைபட்டு உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கலாம்.

எந்த அளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்குங்கள். 12 லிட்டர் 232 பார் ஸ்டீலில் 2,784 லிட்டர் காற்று. கன அடிக் கணக்கில் அமெரிக்கர் எண்பது என்று சொல்லும் 11.1 லிட்டர் 207 பார் அலுமினியத்தில் 2,298 லிட்டர். 10 லிட்டர் 200 பாரில் 2,000 லிட்டர். உம்கோமாஸ் கடலில் உள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டில் 20 மீட்டர் ஆழத்தில் சுற்று அழுத்தம் 3 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 60 லிட்டர் செலவழிப்பார். 12 லிட்டரில் 200 பாரில் இறங்கி 50 பாரை ஒதுக்கி வைத்தால் 1,800 லிட்டர், அதாவது 30 நிமிடம். அதே கணக்கில் 10 லிட்டருக்கு 25 நிமிடம். உடல் சிறுத்தவர்களுக்கும் பெண்களுக்கும் 10 லிட்டர் ஸ்டீல் பல சமயம் இதைவிட நீண்ட நேரம் வரும், முதுகும் தப்பும். அலுமினிய எண்பது வெறுமையில் சுமார் 14 கிலோ. நிறைந்திருக்கும்போது நீரில் மூழ்கும். காற்று தீரும்போது ஏறக்குறைய 2 கிலோ மிதப்பு காட்டும். அதை ஈடுகட்ட இடுப்புப் பட்டையில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். ஸ்டீலில் அந்தச் சிக்கல் குறைவு. உம்கோமாஸ் ஆற்று முகத்தில் அலையை வெட்டிக்கொண்டு ரப்பர் டக் என்னும் காற்றடைத்த படகில் போகிறவர்கள் ஒரு கிலோ ஈயம் குறைந்தாலும் நன்றி சொல்வார்கள். எங்களைக் கேட்டால், இந்தக் கடற்கரைக்கு முதல் சிலிண்டராக 10 அல்லது 12 லிட்டர், 232 பார், ஏ-கிளாம்பும் டின்னும் இரண்டும் மாட்டக்கூடிய வால்வோடு கூடிய ஸ்டீல்.

நைட்ராக்ஸ் பட்டி ஒட்டிய சிலிண்டரை அந்தப் பட்டியை நம்பி வாங்காதீர்கள். எப்போதோ ஒருமுறை எண்ணெய் கலந்த காற்றை நிரப்பியிருந்தாலும் தூய ஆக்சிஜன் ஏற்றும்போது தீப்பிடிக்க வழி உண்டு. உங்கள் பெயரில் ஒருமுறை ஆக்சிஜன் சுத்தம் செய்யச் சொல்லி, அதன் பிறகே கலவை நிரப்புங்கள்.

சோதனை நிலையத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே போவது நல்லது. சிலிண்டரைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, சிறு விளக்கை உள்ளே இறக்குவார்கள். நல்ல ஸ்டீலின் உள்சுவர் ஒரே சீரான கருஞ்சாம்பலாக இருக்கும். மெல்லிய இளம்பழுப்புப் படலம் என்றால் உருட்டிச் சுத்தம் செய்தால் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது சிறு சிறு நிழல்கள் விழுந்தால் அவை குழிகள். வால்வும் ரப்பர் பூட்டும் இல்லாத எடையைத் தோளில் குத்திய எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த உலோகம் துருவாகிப் போயிருக்கிறது. பிறகு சிலிண்டரில் நீர் நிரப்பி, நீர்த்தொட்டிக்குள் இறக்கி, சோதனை அழுத்தம் ஏற்றி எவ்வளவு விரிகிறது என்றும், அழுத்தத்தை இறக்கிய பின் எவ்வளவு விரிவு திரும்பாமல் நிற்கிறது என்றும் அளப்பார்கள். நிற்கும் விரிவு வரம்பைத் தாண்டினால் தோல்வி. இதில் சலுகை கேட்க இடமில்லை.

பேரத்தையும் இதை ஒட்டியே வையுங்கள். தேறினால் பேசிய விலை, சோதனைச் செலவு வாங்குபவருடையது, தோற்றால் விற்பவருடையது. இதற்கு ஒப்பாத விற்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தே ஒப்பவில்லை என்று நாங்கள் கருதுகிறோம். கேட்கும் விலையோடு இரண்டு சோதனைகள், வால்வுப் பழுதுபார்ப்பு, ஓ-ரிங்குகள், புதிய பூட், தேவையானால் பெயிண்ட் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதுச் சிலிண்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதையே வாங்குங்கள். அடிமாட்டு விலைக்கு வந்த பல சிலிண்டர்கள் இந்தக் கூட்டலில் புதியதையே நெருங்கிவிடுகின்றன.

வாங்கிய பிறகு முதல் நிரப்பலை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி, 200 என்று காட்டியது ஆறியதும் 180-க்கு இறங்கும். கசிவு என்று வீணாகக் கலங்குவீர்கள். ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து, ஆறிய அளவிலிருந்தும் குறைகிறதா என்று பாருங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். சிலிண்டர் விளம்பரம் தருபவர்களிடம் ஐந்து விவரங்களைக் கேட்டு வாங்கி விலையோடு சேர்த்து அச்சிடுங்கள்: ஸ்டீலா அலுமினியமா, கொள்ளளவும் வேலை அழுத்தமும், தயாரித்த மாதமும் ஆண்டும், கடைசி நீர் அழுத்தச் சோதனைத் தேதி, கழுத்து மரை அளவு. எல்லாம் தோளிலும் கழுத்திலும் குத்தியிருப்பவை, ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் படித்துச் சொல்லலாம். ‘ஸ்டீல், 12 லிட்டர், 232 பார், தயாரிப்பு மார்ச் 2011, சோதனை ஆகஸ்ட் 2023, எம்25×2’ என்று அச்சானால் இப்போதுள்ள விளம்பரத்தைவிட ஒரு வரிதான் கூடும். அந்தக் கூடுதல் வரிக்கான கட்டணத்தைச் சிலிண்டர் விளம்பரங்களுக்கு மட்டும் தள்ளுபடி செய்ய முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காற்றடிப்பு, சிலிண்டர் சோதனைப் பணியில் உள்ள தமிழர்கள் சிலர்,
டர்பன், க்வாசூலு-நட்டால்.